மூலக்கூறு சுழல மறுத்த சனிக்கிழமை

“அணு எதுவும் காணப்படவில்லை.”

போன சனிக்கிழமை காலை என் சாப்பாட்டு மேசையில் திறந்திருந்த லேப்டாப் இப்படித்தான் சொன்னது. ஆங்கிலத்தில், சிவப்பு எழுத்தில், கொஞ்சம் அதட்டலாகவே சொன்னது.

உலகத்தில் எல்லாமே அணுவால் ஆனது என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? என் மேசை, என் தேநீர், அதில் முங்கிப்போன பிஸ்கட்… எல்லாமே. மோகன் கொண்டுவந்த கோப்பில் மட்டும் ஒன்றுகூட இல்லையாம்!

மோகன் யார் என்று சொல்லிவிடுகிறேன். கெலுகோரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் கீழ்த்தளத்து வீட்டுக்காரன். முப்பதைத் தாண்டிவிட்டான். ஜார்ஜ்டவுனில் ஓர் அச்சகத்தில் கல்யாணக் கார்டு வடிவமைக்கிற வேலை. எழுத்துப்பிழை என்றால் அவனுக்கு ஆகாது. பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தப் பத்தியில் ஒரு ‘ப்’ விட்டுப்போனால் லிஃப்டில் பார்க்கும்போது மறக்காமல் கேட்பான். நானும் மறக்காமல் அச்சுக்கோப்பவர் மேல் பழியைப் போடுவேன்.

அவனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மோகனுக்குத் தலசீமியா. பிறவியிலேயே வந்த ரத்தக் கோளாறு. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை அவன் உடம்பால் சரியாகச் செய்ய முடியாது. அதனால் கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து, யாரோ முகம் தெரியாதவர்கள் தானம் கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டுதான் வாழ்கிறான். அதைப் பற்றிப் பேசும்போது நமக்குத்தான் சங்கடம். அவனுக்கு இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் நாளில், “பெட்ரோல் ஊத்தியாச்சுக்கா, இனிமே காடி ஓடும்” என்று சிரித்துக்கொண்டே போவான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவன் நிபோங் திபாலில் ஒரு கோயில் மண்டபத்தில் பேச வேண்டியிருந்தது. கல்யாணம் நிச்சயமான ஜோடிகளுக்காக நடக்கும் வகுப்பு அது. குடும்ப பட்ஜெட், மாமியார், கோபம் என்று நிறைய தலைப்புகள் இருக்கும். நடுவில் ரத்தப் பரிசோதனை பற்றிப் பேச இவனுக்குக் கொஞ்ச நேரம் தருவார்கள்.

“கார்டு அடிக்க வர்றவங்ககிட்டயே சொல்லலாமே?” என்று ஒரு முறை கேட்டேன்.

“லேட்டுக்கா. கார்டுல பேர் போடுறப்போ எல்லாம் முடிவாகிடும். டெஸ்ட் எடுங்கன்னு சொன்னா பொண்ணு வீட்டுல ஒரு மாதிரி பாப்பாங்க, மாப்பிள்ளை வீட்டுல ரெண்டு மாதிரி பாப்பாங்க. முன்னாடியே சொல்லணும் லா.”

போன தடவை இதே வகுப்பில் பேசியிருக்கிறான். மைக்கைப் பிடித்து, தனக்கு என்ன குறை, அது எப்படி வந்தது என்று வாயாலேயே விளக்கியிருக்கிறான். பாதிப் பேர் கைத்தொலைபேசியில் இருந்தார்களாம். முடிந்ததும் ஒரு அம்மா வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “எந்த ஜென்மத்துப் பாவமோ தம்பி… நல்லா சாமி கும்பிடு” என்று கண் கலங்கினாராம்.

நல்ல மனசில் சொன்னதுதான். ஆனால் மோகனுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. காரணம் இருக்கிறது. அவனுடைய அம்மாவும் அப்பாவும் ஆஸ்பத்திரி நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து, என்ன பாவம் செய்தோம், என்ன பாவம் செய்தோம் என்றே பல வருடங்களை ஓட்டியவர்கள். அந்த நாற்காலிக்குப் பக்கத்து வார்டில் படுத்துக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவன் இவன்.

“பாவம் இல்லக்கா, ரத்தத்துல ஒரு பொருள் இல்ல. அவ்வளவுதான். அந்தப் பொருளைக் கண்ணுல காட்டணும்” என்றான் அன்றைக்கு.

காட்டியே தீருவது என்று உட்கார்ந்தான். மூலக்கூறுகளைத் திரையில் பெரிதாக்கிக் காட்டுவதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. ஆராய்ச்சிக்காரர்கள் பயன்படுத்துவது, இலவசமாகவும் கிடைக்கும். ஹீமோகுளோபினின் வடிவமும் இணையத்தில் எல்லாருக்கும் பொதுவாகக் கிடைக்கிறது. ஆனால் அதைச் சும்மா திறந்தால் சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரிதான் தெரியும். எந்தப் பகுதிக்கு என்ன நிறம், எப்போது சுழல வேண்டும், எது எப்போது மறைய வேண்டும், கீழே என்ன எழுத்து வர வேண்டும் என்று ஒவ்வொரு வரியாகக் கட்டளை எழுதி ஒரு கோப்பாக வைக்க வேண்டும். அதற்குத்தான் ஸ்கிரிப்ட் என்று பெயர். கார்டு வடிவமைக்கிறவன், வேலை முடிந்து வந்து, வீடியோ பார்த்துப் பார்த்து அதைக் கற்றுக்கொண்டான்.

தன் பழைய லேப்டாப்பில் எனக்கு ஒரு தடவை ஓட்டிக் காட்டினான். கறுப்புத் திரையில் நான்கு சங்கிலிகள் பின்னிக்கொண்டு மெதுவாகச் சுழன்றன. இரண்டு சிவப்பு, இரண்டு நீலம். கீழே தமிழில், ‘இது உங்கள் ரத்தம்’. ஒரு சுற்று முடிந்ததும் நீலச் சங்கிலிகள் மங்கி மங்கிக் காணாமல் போயின. சிவப்பு மட்டும் துணையில்லாமல் சுழன்றது. எழுத்து மாறியது. ‘இது என் ரத்தம்.’

இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன்.

அந்தப் பழைய லேப்டாப் வகுப்புக்கு முந்தின வாரமாகப் பார்த்து உயிரை விட்டது. கோப்பு மின்னஞ்சலில் பத்திரமாக இருந்தது. வேறொரு லேப்டாப் வாங்கினான், மென்பொருளை ஏற்றினான், கோப்பைத் திறந்தான்… அணு எதுவும் இல்லை! அதைத் தூக்கிக்கொண்டுதான் சனிக்கிழமை காலை என் வீட்டுக் கதவைத் தட்டினான். நான் கம்ப்யூட்டர் நிபுணர் என்று நினைத்துவிடாதீர்கள். என் வீட்டு இணையம் வேகமானது. அதுதான் என் தகுதி.

முதலில் வெறும் மூலக்கூறை மட்டும் திறந்து பார்த்தோம். திறந்தது. அப்படியென்றால் மென்பொருள் நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்கிரிப்டைக் கொடுத்தால்தான் முரண்டு பிடிக்கிறது. அதாவது, இது கட்டளைகள் இருக்கிற கோப்பு என்று அதற்குத் தெரியவில்லை. இதையும் ஒரு மூலக்கூறு என்று நினைத்துக்கொண்டு, உள்ளே போய் அணுவைத் தேடுகிறது. கிடைக்குமா?

“பேர்ல கோளாறா இருக்கும்” என்றேன் நான், விவரம் தெரிந்த தோரணையில்.

விண்டோஸில் கோப்புப் பெயரின் வால் பகுதி மறைந்திருக்கும் அல்லவா? அதைக் காட்டச் சொல்லிப் பார்த்தோம். இருந்தது! ஸ்கிரிப்டுக்கான வாலுக்குப் பின்னால் ‘.txt’ என்று இன்னொரு வால் ஒட்டிக்கொண்டிருந்தது. வெட்டினோம். வெற்றிக் களிப்பில் நான் தேநீர் போடவே எழுந்துவிட்டேன்.

“உக்காருங்கக்கா” என்றான் மோகன். “அதே சிவப்பு எழுத்துதான்.”

உட்கார்ந்தேன்.

“படமா எடுத்து வச்சுக் காட்டேன்?”

“சுத்தணும்க்கா. சுத்தச் சுத்த மறையணும். படம் வேணும்னா நோட்டீஸ்ல போட்டுரலாமே.”

“சரி, அங்கேயே ஒவ்வொரு கட்டளையா டைப் பண்ணு.”

“ஒரு கைல மைக்கு, ஒரு கைல டைப்பா?”

அப்புறம்தான் ஜமால் அண்ணன் ஞாபகம் வந்தது. எங்கள் மாடிக்காரர். ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர். போன் போட்டால் பாலிக் புலாவில் மனைவி வீட்டு டுரியான் பழத் தோட்டத்தில் இருந்தார். சீசன் நேரம். லைன் விட்டு விட்டுக் கேட்டது.

விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, “உள்ள தமிழ் எழுத்து இருக்கா தம்பி?” என்றார்.

“இருக்குண்ணே.”

“அதான் லா! அதை எடுத்துட்டு இங்கிலீஷ்ல போட்டுரு. சில சாப்ட்வேருக்குத் தமிழ் ஒத்துக்காது.”

மோகனின் முகம் மாறியதைப் பார்த்தேன். கோபம் இல்லை. தாடை மட்டும் இறுகியது.

“அண்ணே, மண்டபத்துல ஜோடிங்க மட்டும் வர்றதில்ல. அம்மாமார் வர்றாங்க, மாமியார் வர்றாங்க. அவங்களுக்குப் புரியலன்னா டெஸ்டுக்கு யாரும் போக மாட்டாங்க. பழைய லேப்டாப்புல இதே தமிழோடதானே ஓடுச்சு? எந்த வரி தப்புன்னு சொல்லுங்க, அதை மாத்தறேன். பொதுவா தமிழ்தான் தப்புன்னு சொல்லாதீங்கண்ணே.”



“சரி, கவலைப்படாதே” என்றார் ஜமால் அண்ணன். “சாயங்காலம் வந்ததும் என் லேப்டாப்பைத் தர்றேன். அதுல புது வெர்ஷன் இருக்கு, எதைக் குடுத்தாலும் ஓட்டும். நாளைக்கு அதைத் தூக்கிட்டுப் போயிரு.”

எனக்கு நிம்மதி. பிரச்சினை தீர்ந்தது என்று எழுந்தேன். மோகன் எழவில்லை.

“அதான் அண்ணன் தர்றேன்னு சொல்லிட்டாரே?”

“ஓடுனா மட்டும் போதாதுக்கா. ஏன் ஓடலன்னு தெரியணும். நாளைக்கு அவர் லேப்டாப்பும் ஓடலன்னா நான் என்ன பண்ணுவேன்?”

நாமெல்லாம் எப்படி? டிவி ஓடவில்லை என்றால் மண்டையில் ஒரு தட்டு. ஓடிவிட்டால் அதோடு விட்டோம். ஏன் நின்றது, ஏன் ஓடியது என்று யார் கேட்கிறோம்? அடுத்த முறை நின்றால் அடுத்த தட்டு. உடம்பையும் அப்படித்தானே வைத்திருக்கிறோம்?

மோகன் ஸ்கிரிப்டை ஒரு பிரதி எடுத்துக்கொண்டான். அந்தப் பிரதியில் தமிழ் இருந்த வரியை ஒவ்வொன்றாக அழித்தான். ஒன்றை அழிப்பான், சேமிப்பான், திறந்து பார்ப்பான். சிவப்பு எழுத்து. அடுத்தது. மறுபடி சிவப்பு. கடைசித் தமிழ் எழுத்தும் போனது. கோப்பில் இப்போது சுத்தமான ஆங்கிலக் கட்டளைகள் மட்டும்தான்.

திறந்தான். அணு எதுவும் காணப்படவில்லை!

மோகன் துள்ளிக் குதித்தான். “பாத்தீங்களா! பாத்தீங்களாக்கா! தமிழ் இல்ல!”

ஓடாததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதனை நான் பார்த்ததே இல்லை.

ஆனால் பிரச்சினை அப்படியே இருக்கிறதே? அவன் நிறுத்தவில்லை. நிறங்களை அழித்தான். சுழற்சியை அழித்தான். மேலே குறிப்புக்காக எழுதியிருந்த ஒரே ஒரு வரி மிஞ்சியது. அப்போதும் சிவப்பு. கடைசியில் அதையும் அழித்துவிட்டு, வெறும் கோப்பாகச் சேமித்தான். உள்ளே ஒன்றுமே இல்லை. வெள்ளைத் தாள்.

எதற்கோ அதன் அளவைப் பார்த்தான். அப்படியே குனிந்து திரைக்கு அருகில் போனான்.

“அக்கா… ஒண்ணுமே இல்லாத கோப்பு எவ்வளவு இருக்கணும்?”

“பூஜ்யம்தானே?”

“மூணு பைட்டுன்னு காட்டுது.”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காலியான கோப்புக்குள் ஏதோ இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது!

மறுபடியும் பாலிக் புலாவுக்குப் போன். இந்த முறை மோகன் பேச்சை வளர்க்கவில்லை.

“அண்ணே, தமிழை எல்லாம் எடுத்துட்டேன். ஓடல. எல்லாத்தையும் எடுத்துட்டேன். ஓடல. காலிக் கோப்பு மூணு பைட்டு இருக்கு.”

ஒரு பெரிய சிரிப்பு. “அடடா! அதுவா! நான் வேற தமிழ் மேல பழியைப் போட்டுட்டேனே தம்பி. மன்னிச்சுக்கோ லா.”

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். எழுத்துகளைச் சேமிக்கிற சில மென்பொருள்கள், கோப்பின் ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைப் போட்டு வைக்கும். இதில் உலக மொழி எழுத்துகள் எல்லாம் வரும் என்பதற்கு அது அடையாளம். நல்ல எண்ணத்தில் போடுவதுதான். ஆனால் மோகனின் மூலக்கூறு மென்பொருள், ஒரு கோப்பைக் கொடுத்ததும் அதன் முதல் எழுத்தைத்தான் பார்க்கும். ஸ்கிரிப்டின் முதல் வரி குறிப்பு வரி, அது ‘#’ என்று தொடங்கும். அதைப் பார்த்தால், சரி, இது கட்டளைக் கோப்பு என்று எடுத்துக்கொள்ளும். இங்கே அதற்கு முன்னால் இந்தக் குறி நின்றுகொண்டிருந்ததால் அடையாளம் தெரியாமல் குழம்பி, அணுவைத் தேடக் கிளம்பிவிட்டது. புதிய வெர்ஷன்களுக்கு அந்தக் குறியைத் தாண்டிப் போகத் தெரியும். இதற்குத் தெரியாது.

“கடைசியா எதுல திறந்து சேமிச்சே?” என்று கேட்டார்.

மோகன் யோசித்தான். நெற்றியில் அடித்துக்கொண்டான். அச்சகத்துக் கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறான். எதற்கு? ஓர் இடத்தில் ‘சங்கலி’ என்று இருந்ததைச் ‘சங்கிலி’ என்று திருத்த! ஒரு ‘கி’ போடப் போன இடத்தில் அந்த மென்பொருள் தன் குறியையும் போட்டு அனுப்பியிருக்கிறது.

“இனிமே என் பத்தியில பிழை பிடிப்பே?” என்றேன்.

“பிடிப்பேன்க்கா.”

வைத்தியம் மிகச் சுலபம். அசல் கோப்பைத் திறந்து, வேறு விதமாகச் சேமிக்கும் பெட்டிக்குப் போய், கீழே எழுத்து முறை என்று இருக்கிற இடத்தில், குறி இல்லாத வகையைத் தேர்ந்தெடுத்தால் போதும். மோகன் தேர்ந்தெடுத்தான். சேமித்தான். கோப்பைப் பிடித்து இழுத்து மென்பொருளின் மேல் போட்டான்.

கறுப்புத் திரை. நான்கு சங்கிலிகள். மெதுவாக ஒரு சுழற்சி. கீழே, ஓர் எழுத்துகூடக் குறையாமல், ‘இது உங்கள் ரத்தம்’.

நான் கைதட்டினேன். மோகன் தட்டவில்லை. முழுக்க ஓடி முடியும்வரை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மென்பொருளையும் மூலக்கூறையும் ஸ்கிரிப்டையும் ஒரு தம்ப்டிரைவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். “கடையில சோறு தாப்பாவ் வாங்கிட்டு வரவாக்கா? பசிக்குது” என்றான். அப்போதுதான் எனக்கும் பசிப்பது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். கடலுக்கு மேல் போகிற இரண்டாவது பாலம் வழியாக என் காடியில்தான் போனோம். மண்டபத்தில் ஏற்பாட்டாளர் சாந்தி அக்கா எங்களைப் பார்த்ததும், “தம்பி, லேப்டாப் கொண்டு வந்திருக்கியா? இங்க புரொஜெக்டர் வயர் லேப்டாப்புல சேராது, மண்டபத்துக் கம்ப்யூட்டர்லதான் ஓட்டணும்” என்றார்.

மோகனின் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தோம். உண்மையிலேயே சேரவில்லை. யோசித்துப் பாருங்கள். ஜமால் அண்ணனின் புது வெர்ஷன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் இதே கதிதான்!

மண்டபத்துக் கம்ப்யூட்டர் ஒரு பழைய பெட்டி. திறக்கவே நேரம் எடுத்தது. மோகன் தம்ப்டிரைவைச் செருகினான். கோப்பை இழுத்துப் போட்டான். நான் சிவப்பு எழுத்தை எதிர்பார்த்துக் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

சுழன்றது. சுவர் முழுக்கச் சுழன்றது!

அந்த மண்டபத்தில் மெல்ல மெல்ல கைத்தொலைபேசிகள் மடிக்குப் போனதை நான் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். நீலச் சங்கிலிகள் மங்கத் தொடங்கியபோது, முன்வரிசையில் ஒரு பெண் தன் வருங்காலக் கணவனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு இல்லாதது இதுதாங்க” என்றான் மோகன். “எங்கம்மா, எங்கப்பா ரெண்டு பேருமே கேரியர். கேரியர்னா இந்தக் குறையைச் சுமக்கிறவங்க, நோயாளி இல்ல. அவங்க ஒரு நாள்கூட இதுக்காகப் படுத்ததில்ல. பார்த்தா தெரியாது. டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும். ரெண்டு பேரும் கேரியரா இருந்தா, பொறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு வாய்ப்பு, என்னை மாதிரி.”

அப்போதுதான் நடுவரிசையிலிருந்து ஒரு இளைஞன் எழுந்தான். தொழிற்சாலைச் சட்டையோடு, நைட் ஷிப்ட் முடிந்து நேராக வந்தவன் போல இருந்தான். தயங்கித் தயங்கித்தான் கேட்டான்.

“தப்பா நினைக்காதீங்கண்ணே. உங்கம்மா அப்பா முன்னாடியே டெஸ்ட் எடுத்திருந்தா… நீங்க இருந்திருக்க மாட்டீங்களே?”

சாந்தி அக்கா மைக்கை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். மோகன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“இருந்திருக்கலாம் தம்பி. இல்லாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. எனக்கு என் வாழ்க்கை பிடிக்கும். நான் இருக்கறதுல எனக்கு வருத்தமே இல்ல. ஆனா ஒண்ணு தெரியும். அவங்க டெஸ்ட் எடுத்திருந்தா, நான் பொறந்தப்போ இது என்னன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். என்ன பாவம் செஞ்சோம்னு அத்தனை வருஷம் அழுதிருக்க மாட்டாங்க. அவங்க ஒரு பாவமும் செய்யல. அதைச் சொல்லத்தான் இங்க நிக்கிறேன்.”

அந்த இளைஞன் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த பெண் அவனிடம் குனிந்து ஏதோ சொன்னாள். அவன் மறுபடி தலையாட்டினான்.

கடைசி வரிசையில் ஒரு அம்மா உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தார். “அப்போ ரெண்டு பேருக்கும் இருந்தா கல்யாணத்தை நிறுத்திரணுமாப்பா?”

“ஐயோ, எதுக்கும்மா நிறுத்தணும்? நான் கார்டு அடிக்கிறவன், என் பொழப்புல மண்ணைப் போடாதீங்க!” மண்டபம் சிரித்தது. அவன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தான். “நிறுத்த வேணாம்மா. ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட உக்காந்து பேசட்டும். பிள்ளையைப் பத்தி அவங்களே முடிவெடுக்கட்டும். எந்த முடிவா இருந்தாலும் தெரிஞ்சு எடுக்கட்டும்.”

சாப்பாட்டு நேரத்தில் மோகனைச் சுற்றி ஒரு கூட்டம். எங்கே எடுப்பது, வெறும் வயிற்றில் போக வேண்டுமா, கேரியர் என்று வந்தால் மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று கேள்வி மேல் கேள்வி. அரசாங்க கிளினிக்கிலேயே கேளுங்கள், கொஞ்சம் ரத்தம் கொடுத்தால் போதும் என்று சலிக்காமல் பதில் சொன்னான். அவன் தட்டில் சோறு ஆறிப்போய்க் கிடந்தது. யாரும் பாவம் என்று சொன்னதாக என் காதில் விழவில்லை.

திரும்பி வரும்போது பாலம் ஏறுவதற்குள் அவன் தூங்கிவிட்டான். ரத்தம் குறைகிற வாரத்தில் அவனுக்கு அசதி அதிகம் வரும். நான் ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டினேன்.

செவ்வாய்க்கிழமை அவன் ரத்தம் ஏற்ற ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள்.

நீங்கள் டெஸ்டுக்கு என்றைக்குப் போகிறீர்கள்?